உங்களுக்குத் தெரியுமா? எதிரிக் கம்பெனி வீரனும் இந்தக் களத்துக்கு வருவான்!

தனித்தனி வீடியோ கேம்களின் நாயகர்களை ஒரே திரையில் மோதவிடுவதுதான் கிராஸ்ஓவர் சண்டை கேம். 1994-இல் ஜப்பானின் எஸ்.என்.கே. நிறுவனம் தன் 'ஃபேட்டல் ஃப்யூரி', 'ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்' கேம்களின் வீரர்களை மூவர் அணிகளாக்கி 'தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 94'-இல் இறக்கியது. ஒருவர் சாய்ந்தால் அதே அணியின் அடுத்தவர் வருவார்.

அதே ஆண்டு கேப்காம் நிறுவனம் மார்வெல் காமிக்ஸின் எக்ஸ்-மென் கதையை வைத்து ஒரு ஆர்கேட் கேம் செய்தது. அதற்குள் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வில்லன் அகுமாவை ரகசியமாக ஒளித்தும் வைத்தது! 1996-இல் 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வெளிப்படையாகவே வந்துவிட்டது. அதில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' நாயகன் ரியூவின் 'ஷின்கு ஹடோகென்' தாக்குதல், திரையைக் கடந்து பாயும் ஒளிக்கற்றையாக வளர்ந்தது. எதிரே நிற்பது எக்ஸ்-மென் வில்லன் மேக்னீட்டோ அல்லவா?

கேப்காமும் எஸ்.என்.கே.யும் பங்காளிகள் என்றே சொல்லலாம். 1987-இல் முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' கேமை இயக்கிய டகாஷி நிஷியாமா, பிறகு எஸ்.என்.கே.க்குப் போய் 1991-இல் 'ஃபேட்டல் ஃப்யூரி'யை உருவாக்கினார். 'ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்' நாயகன் ரியோ, பெயரிலும் கராத்தே உடையிலும் ரியூவை நினைவூட்டினான். கேப்காம் சும்மா இருக்குமா? ரியோவையும் அவன் நண்பன் ராபர்ட்டையும் கலந்து, இளஞ்சிவப்பு உடை மாட்டி, 'டான்' என்ற சோப்ளாங்கி வீரனை 1995-இல் களமிறக்கியது. கைக்கெட்டும் தூரம்தான் அவன் வீசும் நெருப்பு போகும். 2000-இல் வந்த 'கேப்காம் வெர்சஸ் எஸ்.என்.கே.'யின் மேம்பட்ட 'ப்ரோ' பதிப்பில் அந்த டானும் அசல் ரியோவும் நேருக்கு நேர் நிற்கலாம். ஆண்டுக்கணக்கில் வளர்ந்த சீண்டலுக்கு ரசிகன் கையாலேயே பதில் கிடைத்தது. இந்த வகை கேம்களின் உயிரே அதுதான்.

அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகம் இன்னும் ஒரு படி மேல். வீரனை மட்டுமல்ல, எந்தப் பாணி விதிகளில் சண்டை போடுவது என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆறு பாணிகள்: மூன்று கேப்காம் பக்கம், மூன்று எஸ்.என்.கே. பக்கம். ரியூவை எஸ்.என்.கே. விதியில் ஆட வைக்கும் சுகமே தனி!

நின்டெண்டோவின் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' (1999) உருவான கதையும் சுவையானது. கேம் வடிவமைப்பாளர் மசஹிரோ சகுராய் திட்டமிட, சடோரு இவாடா நிரல் எழுத, மாரியோவையும் டாங்கி காங்கையும் நின்டெண்டோவிடம் சொல்லாமலேயே சேர்த்து மாதிரியை முடித்தார்கள். அதன் பிறகுதான் காட்டினார்கள். 12 வீரர்களோடு தொடங்கிய தொடர், 2018-இன் 'அல்டிமேட்' கேமில், பின்னர் சேர்ந்தவர்களோடு 89-ஐத் தொட்டது.

56 வீரர்கள் நிறைந்த 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2' (2000), உரிமச் சிக்கலால் 2013-இல் டிஜிட்டல் கடைகளிலிருந்து காணாமல் போனது. மீட்டுத் தாருங்கள் என்று ரசிகர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் பழைய கேம்களின் தொகுப்பில் அது திரும்பி வந்தது. அதே மாதம் 'ஃபேட்டல் ஃப்யூரி'யின் டெர்ரி போகார்டும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'-க்குள் நுழைந்தான்.