கியர் பாக்ஸ் மாற்றிய பின் வரும் கிளட்ச் தகராறு

2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு மளிகைக் கடைக்காரர்களும் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்துக்கொள்ளத் துணிந்தனர். 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த்தும் வந்தது. அந்த வண்டிகளில் பல இன்று பழசாகிவிட்டன. கியர் பாக்ஸ் போனால் புதியது வாங்கக் கட்டுபடியாவதில்லை; உடைத்த வண்டியின் பாக்ஸை வாங்கி மாட்டுகிறோம். மறுநாளே கிளட்ச் தகராறு செய்கிறது. பட்டறைக்காரர் "பாக்ஸ் சரியில்லை" என்பார். பாக்ஸ் விற்றவர் "மாட்டியது சரியில்லை" என்பார். இருவருக்கும் நடுவே நின்று இரண்டு கூலி கொடுப்பவர் வியாபாரிதான்.

பாக்ஸை மறுபடி இறக்கச் சம்மதிக்குமுன் நாமே சிலவற்றைப் பார்த்துவிடலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழவில்லையென்றால் குறை கிளட்சில் இல்லை. கியர் ராடு, கேபிள் அல்லது பாக்ஸின் உள்ளே இருக்கிறது. நிறுத்தியபோது சுலபமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் 'கரகர'வென்று அரைத்தால், பெடலை மிதித்தும் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் சிறியதே. கேபிள் வண்டியானால் பெடலின் வெற்று ஓட்டம் அதிகமாக இருக்கும். கேபிளைச் சரிசெய்தால் போதும். ஆயில் கிளட்சானால், பெடலை நாலைந்து முறை அடித்து மிதித்ததும் கியர் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் குழாயில் காற்று இருக்கிறது; ஏர் எடுக்க வேண்டும். இவை இரண்டும் இல்லையென்றால்தான் இறக்கிப் பார்க்க வேண்டும். பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம். ஜாக்கி கொடுக்காமல் பாக்ஸின் முழுக் கனத்தையும் ஷாஃப்டில் தொங்கவிட்டு மாட்டினால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். அவசரப் பட்டறைகளில் நடக்கும் வேலை இது. நமது வண்டி ஒன்றுக்கே இப்படி நடந்து, பன்றிமலைக் கடைகளுக்கு ஏற்றிய சரக்கு தருமத்துப்பட்டியில் பகல் முழுதும் நின்றது.

கிளட்ச் வழுக்குவது வேறு வியாதி. எஞ்சின் இரைகிறது, வண்டி ஏறுவதில்லை. சமதரையில் கைபிரேக் போட்டு, மூன்றாம் கியரில் பெடலை மெல்ல விட்டால் எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் வழுக்குகிறது. கேபிள் இறுகியிருக்கலாம், அல்லது பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம். ஆகவே பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ஆயில் சீல்களை மாற்றிவிடுங்கள். சீலின் விலை ஒரு நாள் கூலிக்கு ஈடாகாது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே போடுவது நல்லது.

சத்தத்துக்கும் அடையாளம் உண்டு. நியூட்ரலில் பெடலைத் தொட்டதும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். தொடாதபோது வந்து மிதித்தால் மறைந்தால், வாங்கிய பாக்ஸின் முன் பேரிங் போயிருக்கிறது. அந்தப் பொறுப்பு விற்றவருடையது. ஆனால் கையில் பில் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். ஓட்டிப் பார்க்கத் தவணை எத்தனை நாள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அரிசி மூட்டைக்குக் கேட்கும் பில்லை இதற்குக் கேட்க நம்மவர்கள் ஏனோ கூச்சப்படுகிறார்கள்.

வாங்கப் போகும்போது நமது கிளட்ச் பிளேட்டையும் எடுத்துச் செல்வது உத்தமம். பாக்ஸின் ஷாஃப்டில் அதைக் கையால் நுழைத்துப் பாருங்கள். இழுபடாமல் ஓட வேண்டும், அதிகம் ஆடவும் கூடாது. பல் எண்ணிக்கை வேறானால் அங்கேயே தெரிந்துவிடும். ஷாஃப்டின் நீளத்தையும் பழைய பாக்ஸோடு ஒப்பிட வேண்டும்.

புதுப் பிளேட் போட்ட சில நாள்கள் முழு லோடு ஏற்றி ஆடலூர் மலைக்கு அனுப்ப வேண்டாம். ஏற்றத்தில் வண்டியைப் பாதி கிளட்சில் தொங்கவிடாமல் கைபிரேக்கில் நிறுத்தி எடுக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள்.