பேருந்துக்கு வழி சொல்லும் கணக்கு

காரில் செல்பவருக்கு வழி சொல்வதும் பேருந்தில் செல்பவருக்கு வழி சொல்வதும் ஒரே கணக்கு போலத் தோன்றினாலும், கணினி அறிவியல் அவ்விரண்டையும் வெவ்வேறு இனமாகவே கருதுகிறது. சாலை எந்நேரமும் இருந்த இடத்திலேயே இருக்கும். பேருந்து வந்து நிற்கும் அந்த அரை நிமிடத்தில் மட்டுமே அது பயணிக்கு வழியாகிறது. காலை 8.05-க்கு நிறுத்தத்தை அடைபவருக்குக் கிடைக்கும் பாதை, 8.07-க்கு வந்து சேர்பவருக்கு இல்லாமலே போகலாம். ஆகவே இணையத்தில் இயங்கும் பயணத் திட்டக் கருவி எதுவானாலும் அதற்கு அடிப்படை கால அட்டவணைதான். வரைபடம் அதற்கு அடுத்த நிலையில் உள்ளது. அந்த அட்டவணைகள் ஒவ்வொரு போக்குவரத்து நிறுவனத்திலும் ஒவ்வொரு வடிவில் முடங்கிக் கிடந்ததே இக்கருவிகள் நெடுங்காலம் பரவாமல் இருந்ததற்குப் பெரிய தடை எனலாம். ஜெர்மனியின் ஹனோவர் நகரைச் சேர்ந்த ஹாகான் நிறுவனத்தின் ஹாஃபாஸ் என்னும் மென்பொருள் 1980-களின் இறுதியிலேயே ரயில் இணைப்புகளைக் கணக்கிட்டுத் தந்தது என்பதால், கணக்கிடும் திறன் அப்போது இல்லாமல் இல்லை.

இந்தத் தடை நீங்கிய இடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாண்ட். அந்நகரின் பேருந்துகளையும் இலகு ரயிலையும் இயக்கும் ட்ரைமெட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றிய பிபியானா மெக்ஹ்யூ, வெளியூர் சென்றால் காருக்கான வழி இணையத்தில் உடனே கிடைப்பதையும், பேருந்துக்கான வழி அவ்வூர் நிறுவனத்தின் தளத்தைத் தேடிப் பிடித்தால்தான் கிடைப்பதையும் கண்டு, தம் நிறுவனத்தின் அட்டவணையைப் பொதுவான வரைபடச் சேவைகளுக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். கூகுளில் பொறியாளராக இருந்த கிறிஸ் ஹாரல்சனும் அப்போது அதே திசையில் முயன்றுகொண்டிருந்தார். இரு தரப்பும் இணைந்ததன் பயனாக 2005 டிசம்பரில் கூகுள் ட்ரான்சிட் போர்ட்லாண்டை மட்டும் கொண்டு தொடங்கியது. சியாட்டில், பிட்ஸ்பர்க், ஹொனலுலு உள்ளிட்ட நகரங்கள் மறு ஆண்டில் சேர்ந்தன. அதற்காக வகுக்கப்பட்ட கோப்பு வடிவமே இன்று உலகெங்கும் ஜிடிஎஃப்எஸ் என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. அதன் முதலெழுத்தாகிய 'ஜி' தொடக்கத்தில் கூகுளைக் குறித்தது. பிற நிறுவனங்களும் அதைத் தயக்கமின்றி ஏற்க வேண்டும் என்பதற்காகப் பின்னர் 'பொது' என்ற பொருள் தரும் 'ஜெனரல்' என மாற்றப்பட்டது.

அவ்வடிவத்தின் சிறப்பு அதன் எளிமையில் இருக்கிறது. காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட வெறும் எழுத்துக் கோப்புகள் சில, ஒரே சுருக்குக் கோப்பாகக் கட்டப்பட்டிருக்கும். சாதாரண விரிதாள் மென்பொருளில் கணக்கு எழுதத் தெரிந்த அலுவலக ஊழியர் எவரும் அதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நிறுத்தங்களின் பெயரையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் ஒரு கோப்பு சொல்ல, வழித்தடங்களை ஒன்றும், அவ்வழித்தடத்தில் பேருந்து போகும் ஒவ்வொரு நடையையும் இன்னொன்றும் பட்டியலிடுகின்றன. எந்த நடை எந்த நிறுத்தத்துக்கு எப்போது வந்து எப்போது புறப்படும் என்பதைச் சொல்லும் கோப்பே அளவில் மிகப் பெரியது, பெருநகரங்களில் பல லட்சம் வரிகளைத் தாண்டுவது.

அக்கோப்பைப் புதிதாகத் திறப்பவர் 25:10:00 என்றொரு நேரத்தைக் கண்டால் அச்சுப்பிழை என்றே நினைப்பார். வெள்ளிக்கிழமை இரவு 11.40-க்குப் புறப்படும் கடைசிப் பேருந்து, நள்ளிரவைத் தாண்டி 1.10-க்குக் கடைசி நிறுத்தத்தை அடைகிறது என்று கொள்வோம். அதை 01:10:00 என்று எழுதினால், பேருந்து புறப்படுவதற்கு இருபத்திரண்டரை மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணினி கருதும். சனிக்கிழமைக்கு எழுதலாம் என்றாலோ, அது வெள்ளிக்கிழமை அட்டவணைக்குரிய நடை. ஓட்டுநருக்கும் பணிமனைக்கும் அந்த நாள் இன்னும் முடியவில்லை. ஆகவே கடிகாரத்தின் நாளை விட்டுவிட்டு, பணி தொடங்கி முடியும் வரையுள்ள காலத்தைச் 'சேவை நாள்' என்று கொண்டு, மணியை இருபத்து நான்குக்கு மேலும் எண்ணிக்கொண்டு போகும் ஏற்பாட்டை இவ்வடிவம் செய்திருக்கிறது. போக்குவரத்துத் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்களின் கை அதில் இருப்பது இவ்விடத்தில் தெரிகிறது.

எளிமைக்கு விலையும் உண்டு. எந்தெந்தக் கிழமைகளில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அட்டவணை செல்லும் என்று ஒரு கோப்பில் குறிக்க வேண்டும்; பண்டிகை விடுமுறைகளைத் தனியே விலக்காக எழுத வேண்டும். முடிவுத் தேதி கடந்த பின்னும் புதிய கோப்பை ஏற்ற அலுவலகம் மறந்துவிட்டால், தெருவில் பேருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவி 'சேவை இல்லை' என்று சாதிக்கும். பயணிகள் செயலியைத் திட்டும் தருணங்களில் சில இத்தகைய எழுத்தர் வேலைக் குறைகளால் விளைபவையே.

இனிக் கணக்குக்கு வரலாம். மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் முறையை நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்டார். தொடக்கப் புள்ளியிலிருந்து அருகில் உள்ளவற்றை முதலில், தொலைவில் உள்ளவற்றைப் பிறகு என வரிசையாக எட்டிச் செல்வது அதன் நடைமுறை. பெரிய சாலை வரைபடங்களில் இதை வேகப்படுத்த, நெடுஞ்சாலை முக்கியம், சந்து முக்கியமன்று என்ற படிநிலையைப் பயன்படுத்தும் உத்திகள் உருவாயின. பேருந்து வலையமைப்பில் அத்தகைய தெளிவான படிநிலை இல்லை என்பதையும், நேரம் நுழைந்தவுடன் அவ்வுத்திகள் வலுவிழப்பதையும் ஜெர்மானிய ஆய்வாளர் ஹன்னா பாஸ்ட் 2009-இல் விளக்கினார். அவரும் கூகுளைச் சேர்ந்த சக ஆய்வாளர்களும் மறு ஆண்டு முன்வைத்த முறை வேறு வகையானது: இரண்டு இடங்களுக்கு இடையே நாள் முழுவதும் எத்தனை நேரங்களில் புறப்பட்டாலும், சிறந்த பயணங்கள் வண்டி மாறும் நிறுத்தங்கள் சிலவே என்பதால், அந்த மாறுமிடங்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்வது. அதற்குப் பெரும் கணினித் திறன் வேண்டும். அட்டவணை மாறினால் முன்கணக்கையும் புதுப்பிக்க வேண்டும்.

முன்கணக்கே தேவைப்படாத வழியை மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் டேனியல் டெல்லிங்கும் இரு சக ஆய்வாளர்களும் 2012-இல் காட்டினர். ராப்டர் எனப்படும் அம்முறை சுற்றுச் சுற்றாக இயங்குகிறது. முதல் சுற்றில், ஒரே வண்டியில் ஏறி எந்தெந்த நிறுத்தத்தை எவ்வளவு சீக்கிரம் அடையலாம் என்று பார்க்கிறது. இரண்டாம் சுற்றில், அப்படி அடைந்த நிறுத்தங்களில் நின்று செல்லும் வழித்தடங்களை மட்டும் எடுத்து, ஒரு முறை வண்டி மாறினால் எங்கெல்லாம் இன்னும் சீக்கிரம் போகலாம் என்று பார்க்கிறது. எந்த நிறுத்தத்துக்கும் நேரம் மேலும் குறையாத சுற்று வந்ததும் நின்றுவிடுகிறது. இருபதாயிரத்துக்கு மேற்பட்ட நிறுத்தங்கள் கொண்ட லண்டன் வலையமைப்பில் விடை சில மில்லி விநாடிகளில் வந்தது. வேகத்தைவிட இதில் பாராட்டத்தக்கது, ஒவ்வொரு சுற்றும் ஒரு விடையைத் தருவதுதான்: மாறாமல் போனால் 9.20, ஒரு முறை மாறினால் 9.05, இரு முறை மாறினால் 9.02 என்று. மூன்று நிமிடத்துக்காகக் கைக்குழந்தையுடன் இன்னொரு வண்டி மாறுவதா என்பதைப் பயணியே முடிவு செய்துகொள்ளலாம். விரைவான ஒரே விடையை மட்டும் தரும் கருவி, அந்த முடிவைப் பயணிக்குத் தெரியாமலே எடுத்துவிடுகிறது.

இத்தனைக்கும் அட்டவணை என்பது வாக்குறுதிதான். இரண்டு நிமிட இடைவெளியில் வண்டி மாறச் சொல்லும் திட்டம், முதல் பேருந்து மூன்று நிமிடம் பிந்தினாலே குலைந்துவிடும். ஆகவே 2011-இல், வண்டியின் இருப்பிடம், நடையின் தாமதம், சேவை மாற்ற அறிவிப்பு ஆகிய மூன்றையும் உடனுக்குடன் அனுப்பும் துணை வடிவம் வகுக்கப்பட்டது. போர்ட்லாண்ட், பாஸ்டன், மாட்ரிட், டுரின் முதலிய நகரங்களின் நேரலைத் தகவல் அவ்வாண்டே கூகுள் வரைபடத்தில் இடம்பெற்றது. ஆனால் வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிவதும், அது அடுத்த நிறுத்தத்தை எப்போது அடையும் என்று தெரிவதும் ஒன்றல்ல. இரண்டாவது, நெரிசலையும் சிக்னலையும் கருதிச் செய்யும் ஊகமே.

ட்ரைமெட் தன் தகவலைத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. ஓப்பன்பிளான்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்புடன் சேர்ந்து 2009-இல் ஓப்பன்ட்ரிப்பிளானர் என்னும் திறமூல மென்பொருளைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தெருக்களையும், ஜிடிஎஃப்எஸ்ஸிலிருந்து நடைகளையும் எடுத்து, நடந்தோ சைக்கிளிலோ நிறுத்தம் வரை சென்று பின் ரயில் ஏறும் பயணத்தை அது ஒரே திட்டமாக்குகிறது. ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி, நார்வே ஆகிய இடங்களின் பொதுப் பயணத் தளங்கள் இதன் மேல் எழுந்தவை. சென்னையில் 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியோ, மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே பயணமாகக் கொண்டு பயணச்சீட்டையும் சேர்த்தே தருவதால், திட்டமிடுதலுக்கு அடுத்த படியில் கால் வைத்திருக்கிறது.

அட்டவணையே இல்லாத ஊரில் இவையெல்லாம் என்ன செய்யும் என்ற கேள்விக்குக் கென்யாவின் நைரோபி விடை தந்தது. அங்கு மக்கள் ஏறிச் செல்லும் மட்டாட்டு என்னும் தனியார் சிற்றுந்துகளுக்கு வழித்தட எண் உண்டே தவிர, அச்சிட்ட நேரம் கிடையாது. நைரோபிப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எம்ஐடி, கொலம்பியா பல்கலைக்கழகங்களும் பங்கேற்ற திட்டத்தில், மாணவர்கள் கைபேசியுடன் வண்டிகளில் ஏறி, நின்ற இடங்களையெல்லாம் பதிவு செய்தனர். புறப்படும் நேரத்துக்குப் பதிலாக, இந்த மணி முதல் அந்த மணி வரை இத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று எழுத ஜிடிஎஃப்எஸ்ஸில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தது கைகொடுத்தது. நூற்று முப்பதுக்கு மேற்பட்ட வழித்தடங்கள் கொண்ட வரைபடம் 2014-இல் வெளியாகி, நகர நிர்வாகத்தால் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. மறு ஆண்டு அத்தகவல் கூகுள் வரைபடத்திலும் சேர்ந்தது. பயணிகளுக்கென்று தொகுத்த அத்தகவல் நகரத் திட்டமிடுவோருக்கும் ஒன்றைக் காட்டியது. வழித்தடங்களில் பெரும்பாலானவை நகர மையத்தை நோக்கியே ஓடின; ஒரு புறநகரிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டியவரும் மையத்தின் நெரிசலுக்குள் வந்து வண்டி மாற வேண்டியிருந்தது.