கைது ஆயிட்டாங்க… அடுத்து கோர்ட்டில் என்ன நடக்கும்?

"உங்க தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று ஒரு போன் வருகிறது. உடனே நாம் என்ன செய்வோம்? தெரிந்த ஏட்டு, தெரிந்த கட்சிக்காரர், சொந்தத்தில் யாராவது வக்கீல் என்று வரிசையாக நம்பரைத் தேட ஆரம்பிப்போம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சட்டம் உங்களுக்காகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிற முதல் 24 மணி நேரம் இந்த அலைச்சலிலேயே போய்விடக் கூடாது.

விளாத்திகுளம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மழை பெய்து கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் மிளகாயும் தலையெடுக்கிற நேரம். ஒருத்தர் ஆடு இன்னொருத்தர் காட்டில் இறங்கிவிடுகிறது. வாய்ப்பேச்சு கைகலப்பாகி, ஒருவருக்கு மண்டை உடைந்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்கிறார். எதிர்த்தரப்பில் ஒருவர் கைது. ஊருக்கு ஊர் நடக்கிற இந்தக் கதையை வைத்தே அடுத்தடுத்து என்ன நடக்கும் என்று பார்க்கலாம். கதையில் வரும் ஆட்கள் கற்பனை, சட்டம் நிஜம்.

முதலில் ஒரு விஷயம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டம் நடப்பில் இருக்கிறது. தண்டனைச் சட்டமும் மாறிவிட்டது, அதனால் பழைய சினிமாவில் கேட்ட செக்‌ஷன் நம்பர்களை மறந்துவிடுங்கள். 302 இப்போது 103, 307 இப்போது 109.

கைதா, நோட்டீஸா?

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாலே கைது என்று அர்த்தம் இல்லை. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது அவசியம் இல்லை என்று போலீஸ் கருதினால், 35(3) பிரிவின்படி நேரில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்த வகை வழக்குகளில் கைது செய்வதானால் அதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் 2014லேயே சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்தால் போய் ஆஜராகிவிடுங்கள். "நம்மளை என்ன செஞ்சிருவாங்க" என்று வீட்டில் இருந்துவிட்டால், அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

கைதுதான் என்றால், ஸ்டேஷனில் மூன்று விஷயம் கேட்டு போனில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ஸ்டேஷன், குற்ற எண் என்ன, என்னென்ன பிரிவுகள். இந்த மூன்றும் இல்லாமல் வக்கீலிடம் போனால் அவராலும் ஒன்றும் சொல்ல முடியாது. எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால், பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் தவிர மற்றவற்றை தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். 24 மணி நேரத்துக்குள் பதிவேற்ற வேண்டும் என்பது 2016இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு.

கைது குறிப்பு என்று ஒரு தாள் உண்டு. அதில் கைதான நேரமும் தேதியும் இருக்கும். குடும்பத்தினர் ஒருவரோ ஊரில் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். இந்த முறை எங்கிருந்து வந்தது தெரியுமா? மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் நிர்வாகியான டி.கே. பாசு, லாக்கப் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சுட்டிக்காட்டி 1986இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காக எடுக்கப்பட்டு, 1996 டிசம்பரில் தீர்ப்பானது. இன்று அதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது நேரத்தைப் பாருங்கள். காலையில் கூட்டிப் போயிருக்க, தாளில் சாயங்காலம் என்று இருந்தால் அதை வக்கீலிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். 24 மணி நேரக் கணக்கே அங்கிருந்துதான் ஆரம்பம்.

கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உடனே கொடுக்க முடியாத சூழ்நிலை என்றாலும், நீதிபதி முன் ஆஜர்படுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் கைது செய்வது விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும், அதுவும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரிதான் செய்யலாம். 18 வயது நிரம்பாதவர் என்றால் இந்தக் கட்டுரையில் சொல்கிற கோர்ட்டே வேறு. அவர் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும், லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கோர்ட் லீவாச்சே?

"சனிக்கிழமை ராத்திரி பிடிச்சா திங்கள் வரைக்கும் உள்ளதான்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியே ஆக வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. லீவு நாளில் நீதிபதியின் வீட்டிலேயே ஆஜர்படுத்துவார்கள். விளாத்திகுளத்தில் மாவட்ட உரிமையியல் மற்றும் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே நீதிபதி விடுப்பில் இருந்தால், பொறுப்பு நீதிபதி இருக்கும் ஊருக்குக் கொண்டு போவார்கள். எனவே விளாத்திகுளம் கோர்ட் வாசலிலேயே காத்திருக்காமல், எந்த நீதிபதி முன் ஆஜர் என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொள்வது நல்லது.

நீதிபதி முன் நிற்கிற அந்தச் சில நிமிடங்களைத்தான் பலரும் சடங்கு மாதிரி நினைத்துவிடுகிறார்கள். "ரிமாண்ட் பண்ணிருவாங்க, அவ்வளவுதான்" என்று. நம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு அப்படி நினைக்க வழியில்லை. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் கைதான ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரும் மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டு கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி காலை தந்தையும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரணை சி.பி.ஐ.க்குப் போய், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே 9 போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. கைது, மருத்துவச் சான்று, ரிமாண்ட், சிறை அனுமதி என்று ஒவ்வொரு கட்டமும் ஒரு தடுப்புச் சுவர். ஒவ்வொன்றிலும் ஒருவர் நின்று பார்த்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவை வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே, கைதானவருக்கு டாக்டர் பரிசோதனை கட்டாயம். உடம்பில் எங்கே காயம், எப்போது பட்டது என்று அதில் பதிவாகும். டாக்டரிடமும் நீதிபதியிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். "போலீஸ் அடித்தார்களா?" என்று நீதிபதி கேட்டால், பக்கத்தில் போலீஸ் நிற்கிறதே என்று தயங்க வேண்டாம். "வக்கீல் வேண்டும், வைக்க வசதி இல்லை" என்றும் அங்கேயே சொல்லலாம். இலவச வக்கீல் உண்டு என்பதை முதல் ஆஜரின்போதே நீதிபதி எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், அல்லது கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். "ஓசி வக்கீல் சரியா பேசமாட்டாரு" என்று தயங்கி வட்டிக்குக் கடன் வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: இப்போது மாவட்ட அளவில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டு, இந்த வேலையை மட்டுமே பார்க்கிற வக்கீல்கள் இருக்கிறார்கள்.

ஜாமீன் எங்கே கேட்பது?

இது முழுக்கப் பிரிவைப் பொறுத்தது. நம் ஆட்டுத் தகராறில் சாதாரணக் காயம் என்று 115(2) மட்டும் போட்டிருந்தால், அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஜாமீன் அங்கே உரிமை, ஸ்டேஷனிலேயே கிடைக்கும். அதே தகராறில் அரிவாள் வந்து, கொலை முயற்சி என்று 109 போட்டுவிட்டார்கள் என்றால், வழக்கு செஷன்ஸ் கோர்ட் விசாரிக்க வேண்டியது. விளாத்திகுளம் கோர்ட்டில் மனுப் போட்டு நாளைக் கடத்துவதைவிட தூத்துக்குடி முதன்மை மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போவதுதான் பெரும்பாலும் வழி. அங்கும் தள்ளுபடி ஆனால் மதுரைக் கிளை. முதல் மனு தள்ளுபடி ஆனதும் உலகமே இருண்டுபோன மாதிரி ஆகிவிடுவோம். விசாரணை கொஞ்சம் நகர்ந்த பிறகு அதே கோர்ட்டே ஜாமீன் கொடுப்பது சாதாரணம்.

"பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்" என்று உத்தரவு வந்தால் பத்தாயிரத்தை யாரிடமும் கட்ட வேண்டாம். கைதானவர் தப்பி ஓடினால் அந்தத் தொகைக்குப் பொறுப்பு என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்கிறார், அவ்வளவே. "கோர்ட்டுக்குக் கட்டணும்" என்று யாராவது பணம் கேட்டால் உத்தரவு நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

வழக்கமாக இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டியிருக்கும். ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல், போட்டோ, இதோடு சொத்தைக் காட்டச் சிட்டாவோ வீட்டு வரி ரசீதோ கேட்பார்கள். சிட்டாவை தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். ஜாமீன்தாரர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டுமா? மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அண்ணன் தம்பி வேறு மாவட்டத்தில் இருக்கிறார் என்று அவரை ஜாமீன்தாரராக ஏற்க மறுத்தார் மாஜிஸ்திரேட். 1978இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. சிவகாசியிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கிற சொந்தக்காரரையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வராமல் கிடப்பது ஏழைகளுக்குத்தான் நடக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைக் காட்ட முடியாவிட்டால் அவரை வசதியற்றவர் என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பிணையில் விட வேண்டும். மற்ற வழக்குகளுக்கு 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு ஏற்பாடு சொன்னது. ஜாமீன் உத்தரவு சிறைக்கு மின்னஞ்சலில் போக வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம்.

கண்டிஷன் பெயில் என்றால், தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடு என்பது மாதிரி இருக்கும். சூரங்குடியிலோ காடல்குடியிலோ கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடும். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள், ஜாமீனே ரத்தாகலாம். கண்டிஷனைத் தளர்த்தச் சொல்லித் தனி மனுப் போட வழி இருக்கிறது.

60 நாள், 90 நாள்

போலீஸ் குறிப்பிட்ட காலத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். தூக்கு, ஆயுள், 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். கணக்கு முதல் ரிமாண்டில் இருந்து. ஆனால் இது தானாகக் கிடைக்காது, மனுப் போட வேண்டும். அதுவும் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால் போட வேண்டும். 61ஆம் நாள் காலையில் மனு இல்லை, மத்தியானம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது என்றால் அந்த உரிமை போயிற்று. போன் காலண்டரில் ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், இதைவிட உருப்படியான அலாரம் இருக்க முடியாது.

ரிமாண்ட் நீட்டிப்புக்கு ஒவ்வொரு முறையும் ஆளைக் கோர்ட்டுக்குக் கூட்டி வர மாட்டார்கள், வீடியோவிலேயே முடியும். பார்க்கலாம் என்று வந்து காத்திருந்து ஏமாற வேண்டாம். சிறையில் சந்திக்க இ-முலாகாத் இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம்.

முதல்முறையாக வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. குண்டர் சட்டம் என்றால் அது தனிப் பாதை, மேலே சொன்ன கணக்கு எதுவும் அதற்குச் செல்லாது.

அதற்குப் பிறகு வாய்தாதான். குற்றப்பத்திரிகை நகலை இலவசமாகக் கொடுப்பார்கள், குற்றச்சாட்டு வனைவார்கள், சாட்சி விசாரணை, தீர்ப்பு. சொந்தபந்தத்துக்குள் நடந்த சின்ன அடிதடி என்றால், காயம்பட்டவர் சம்மதித்தால் சட்டப்படி சமரசம் செய்துகொள்ள முடிகிற பிரிவுகள் இருக்கின்றன. மக்கள் நீதிமன்றத்தில் அப்படி முடிவதும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டு கோர்ட்டுக்குச் சொல்லாமல் இருந்தால் மட்டும் வழக்கு அப்படியே நிற்கும், ஒரு வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் பிடிவாரண்ட் வரும். இ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். தமிழ் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும், அதற்காகக் குமாஸ்தாவுக்குப் போன் போட வேண்டியதில்லை.

கடைசியாக, போனில் வருகிற இன்னொரு கைது. "உங்க பையன் போதைப்பொருள் கேஸ்ல மாட்டிருக்கான், உடனே பணம் அனுப்பினா விட்ருவோம்" என்று காக்கிச் சட்டையில் ஒருவர் வீடியோ காலில் வருவார். டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. எந்த நீதிபதியும் செல்போன் ஆப் வழியாகப் பணம் கேட்டு ஜாமீன் கொடுப்பதில்லை. காலைத் துண்டித்துவிட்டு, முதலில் பையனுக்குப் போன் செய்யுங்கள். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930.