இல்மு வந்தது, அமல் வந்ததா?

இல்மு இருந்தும் அமல் இல்லையென்றால் பயனில்லை என்று பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆரோக்கியத்திலும் அப்படித்தான். நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை மக்கள் தம் வீட்டில் பயன்படுத்தும்படி செய்வது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையை எப்படி ஆராய்ந்து கற்பது என்பதற்கு பங்களாதேஷில் நல்ல பாடம் இருக்கிறது.

கடும் வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலில் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரை, காலரா நோயாளியின் குடலும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதை டாக்காவில் நடந்து 1968-ல் வெளியான ஆய்வு காட்டியது. 1971 போரில் மேற்கு வங்கத்தின் பொங்காவ்ன் முகாமுக்கு வந்த அகதிகளிடையே காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் போதாதபோது, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் இந்தக் கரைசலை உறவினர்களைக் கொண்டே புகட்டச் செய்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஆனால் முகாமில் கிடைத்த பலன் கிராமத்து வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. 1980 முதல் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய் தன் கையாலேயே கலந்து காட்ட வேண்டும். சில வாரங்கள் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று சோதிப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதைப் பொறுத்தே ஊழியருக்கு ஊதியம்.

தாய்மார்கள் பாடத்தைச் சரியாக ஒப்பித்தார்கள். ஆனால் பிள்ளைக்கு நோய் வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே! நிறுவனம் மக்களைக் குறை சொல்லவில்லை, காரணத்தைத் தேடியது. கற்றுக்கொடுத்த ஊழியர்கள் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவும் இல்லை. எனவே ஊழியர்களுக்குக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். ஆண்களைச் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் கூட்டிப் பேசினார்கள். பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் பாடம் போய்ச் சேர்ந்தது. இன்று உப்பு-சர்க்கரைக் கரைசலை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் பங்களாதேஷும் ஒன்று.

நம் மஹல்லாக்களில் மருத்துவ முகாம் நடத்துகிறோம், நோட்டீஸ் கொடுக்கிறோம், புகைப்படம் எடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஒரு மாதம் கழித்துப் பத்து வீட்டுக் கதவைத் தட்டி, சொன்னது நடக்கிறதா, இல்லையென்றால் தடை எது என்று கேட்பவர் யார்? தடை தந்தையா, பாட்டியா, பணமா, பயமா என்பது தெரிந்தால்தான் அடுத்த முயற்சி பலிக்கும்.

வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் இன்னும் சில வீடுகளில் உண்டு. இன்று கையளவுக் கணக்கு தேவையில்லை. ஓஆர்எஸ் பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கிறது. பாக்கெட்டில் குறிப்பிட்ட அளவு சுத்தமான நீரில் முழுவதையும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை சோர்ந்து கிடந்தால், குடிக்க முடியாமல் போனால், மலத்தில் ரத்தம் கண்டால் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இந்தச் செய்தியை உங்கள் ஜமாஅத்தில் சொல்லுங்கள். அடுத்த மாதம் போய்க் கேட்கவும் ஒருவரை இப்போதே நியமியுங்கள்.