மலைச் சுற்றுப்பாதையும் பாதி வழிக் கணக்கும்

கடல் மட்டத்தை ஒட்டிய களமசேரியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்தால், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள வாகமண்ணை அடையலாம். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால், கொச்சியின் புழுக்கத்தை மறக்க விடுமுறை நாட்களில் நம்மில் பலர் அங்குள்ள பைன் காட்டை நாடுகிறோம். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் இத்தகைய காடுகள் உள்ளன. வாகனத்தை விட்டிறங்கிப் படம் எடுப்பதோடு நில்லாமல், புறப்பட்ட இடத்திற்கே திரும்பிச் சேரும் சுற்றுப்பாதை ஒன்றில் நடக்க விரும்புவோர், முதலில் ஒரு சிறு கணக்கை அறிந்துகொள்வது நன்று.

1892ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது. அதன்படி, 5 கிலோமீட்டர் தூரத்திற்கு 1 மணி நேரம். அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் மேலும் 1 மணி நேரம். ஆகவே 10 கிலோமீட்டர் நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதைக்கு 3 மணி நேரம் தேவை. இது பழக்கமுள்ளவர்கள் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. சிறுவர், முதியோருடன் செல்லும் குடும்பத்தினர் இதனுடன் பாதியைக் கூட்டி 4½ மணி நேரம் என்று கொள்வது பாதுகாப்பானது. உணவு, ஓய்வு ஆகியவற்றுக்கான நேரம் இதில் சேராது.

சுற்றுப்பாதையில் பாதித் தூரம் என்பது பாதி நேரம் ஆகாது. மேற்கூறிய பாதையில் முதல் 5 கிலோமீட்டர் சமதளமாகவும், ஏற்றம் முழுவதும் பிற்பாதியிலும் இருப்பதாகக் கொள்வோம். குடும்பத்தினர் 1½ மணி நேரத்தில் பாதித் தூரத்தை எட்டிவிடுவர். எஞ்சிய பாதிக்கோ 3 மணி நேரம் ஆகும். சென்ற வழியே திரும்பும் பயணத்தில் பாதை நமக்குத் தெரிந்ததாக இருக்கும். சுற்றுப்பாதையின் பிற்பாதியை நாம் கண்டதே இல்லை. எனவே பாதி வழியில் அமர்ந்து கையிருப்பைச் சரிபார்க்க வேண்டும்: இருட்டுவதற்கு எவ்வளவு நேரம் உள்ளது? ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் வீதம் தண்ணீர் மீதமிருக்கிறதா? குழுவில் மிகவும் களைத்திருப்பவரால் தொடர முடியுமா? வானம் தெளிவாக உள்ளதா? இவற்றில் ஒன்று குறைந்தாலும் வந்த வழியே திரும்புவதே முறை. இவ்வளவு தூரம் நடந்துவிட்டோமே என்ற எண்ணம் முடிவைத் தீர்மானிக்கலாகாது. செலவாகிவிட்ட உழைப்பு இனி மீளாது. எஞ்சியிருப்பதைக் கொண்டே அடுத்த அடியை முடிவு செய்ய வேண்டும்.

பைன் காட்டிற்கென்றே சில இயல்புகள் உண்டு. பைன் மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியதன்று. மனிதர் கொணர்ந்து நட்டது. வரிசையாக, ஒரே தோற்றத்தில் நிற்கும் மரங்களிடையே திசை தடுமாறுவது எளிது. உதிர்ந்த ஊசியிலைகள் இறக்கத்தில் வழுக்கும். பிடிப்புள்ள காலணி இன்றியமையாதது. பிசின் நிறைந்த அந்த இலைகள் கோடையில் விரைவில் தீப்பற்றும். சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். ஆதலால் தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலகிப் புல்லற்ற வெற்றிடத்தை நாட வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, மலையேற்றம் சென்றவர்களில் 20 பேருக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதன் பின்னர் தமிழ்நாட்டில் மலையேற்றத்திற்கான விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் எளிது, மிதம், கடினம் என வகைப்படுத்தப்பட்டு, இணையவழி முன்பதிவும் வழிகாட்டிகளும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளன. எந்த மாநிலமாயினும் வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழையலாகாது.

இறுதியாக, வாடிக்கையாளர்கள் கவனத்திற்குச் சில செய்திகள். மலையில் கைப்பேசி அலைவரிசை இல்லாத இடத்தில் யுபிஐ செயல்படாமல் போகலாம்; சில்லறை நோட்டுகள் கைவசம் இருக்கட்டும். புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில், 18 முதல் 70 வயது வரையுள்ள சேமிப்புக் கணக்குதாரர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி, விபத்து மரணத்திற்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு பெறலாம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை என்பதால், தொகை பிடித்தம் செய்யப்படும் வேளையில் கணக்கில் இருப்பு உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைச் செலவு இதில் அடங்காது. அதற்குத் தனி மருத்துவக் காப்பீடு தேவை. வாரிசுதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்பதையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டால், மனச்சுமையின்றி மலையேறலாம்.