பாறசாலையில் உண்ணிக் காய்ச்சல்

2022 ஜூன் மாதம், திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரே வாரத்துக்குள் இரண்டு மரணங்கள். ஒருவர் வர்க்கலையைச் சேர்ந்த 15 வயது மாணவி; மற்றவர் பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த 38 வயதுப் பெண். இருவரின் உயிரையும் பறித்தது ‘ஸ்க்ரப் டைஃபஸ்’. மலையாளத்தில் செள்ளுப்பனி, களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், உண்ணிக் காய்ச்சல்.

இதைப் பரப்புவது மாட்டுண்ணி அல்ல. எலி, பெருச்சாளிகளின் மேல் ஒட்டி வாழும் பொடி உண்ணியின் இளம்பருவம்தான். ஒரு மில்லிமீட்டர்கூட இராது. வளர்ந்துவிட்டால் கடிக்காது!

இந்த இளம் உண்ணி புல்லிலும் புதரிலும் காத்திருந்து, ஆள் வந்தால் தொற்றிக்கொள்ளும். கடித்துச் சுமார் 10 நாளில் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி. அக்குள், இடுப்பு, கவட்டை போன்ற மறைவிடங்களில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு காணப்படலாம். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாமல் போகலாம். எல்லோருக்கும் அது வருவதும் இல்லை.

டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டுமே இந்தக் காய்ச்சலுக்குக் கேட்கும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியே செலுத்தினால் பலன் கூடுதல் என்று வேலூர் சி.எம்.சி. தலைமையிலான ஆய்வு 2023இல் காட்டியது.

நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் ரப்பர் தோட்டம், வாழைத்தோப்பு என்று இறங்குபவர்களும், ஆட்டுக்குப் புல் அறுப்பவர்களும் முழுக்கைச் சட்டை போடுவது நல்லது. வீடு திரும்பியதும் சோப்புத் தேய்த்துக் குளித்து, உடுப்பை வெந்நீரில் அலசலாம். துவைத்த துணியைப் புல்மேல் உலர்த்த வேண்டாம். காய்ச்சல் வந்தால், புதர்ப்பக்கம் போனதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.