வீடு மாறிய ஆமைகள்

ஆமை தன் வீட்டை முதுகிலேயே சுமந்து திரிகிறது என்று இளமையில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நானும் நெடுநாள் அவ்வாறே நம்பியிருந்தேன். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள மொஹாவிப் பாலைவனத்து ஆமைகளைப் பற்றிப் படித்த பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று.

அந்த ஆமைக்கு உண்மையான வீடு ஓடு அன்று. மண்ணில் அது தோண்டும் வளையே. வெயிலுக்கும் குளிருக்கும் ஒதுங்கி, வாழ்நாளின் பெரும்பகுதியை அது வளைக்குள்ளேயே கழிக்கிறது. மழைக்காலத்தில் குடித்த நீரைச் சிறுநீர்ப்பையில் சேமித்துக்கொண்டு, ஓராண்டுக்கு மேலும் நீர் அருந்தாமல் வாழ வல்லது. யாரேனும் கையில் எடுத்தால், அஞ்சி அந்நீரைக் கழித்துவிடுவதும் உண்டு. வறட்சிக் காலத்தில் அதுவே உயிருக்கு உலை வைத்துவிடும். ஆதலால் ஆமையைத் தூக்கி வேறிடத்தில் விடுவது, பார்வைக்குத் தோன்றுவதுபோல் எளிய காரியமன்று.

1990-ஆம் ஆண்டு முதல் இவ்வினத்துக்கு மத்திய அரசின் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் டாங்கிகள் ஓடிப் பழகுவதற்கும் அதே வெட்டவெளிதான் வேண்டியிருக்கிறது! போர்ட் இர்வின் ராணுவப் பயிற்சித்தளம் விரிவடைந்தபோது, 2008-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் 500-க்கு மேற்பட்ட ஆமைகள் வேறிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து கவனிப்பதற்காக ஓட்டின்மேல் சிறு வானொலிக் கருவியை ஒட்டினார்கள். (வானொலிக்கு இப்படியும் ஒரு நேயர் கூட்டம்!) அக்கருவிகளைத் தேடிச் சென்றவர்கள் பல இடங்களில் கண்டவை வெறும் ஓடுகளே. வறட்சியால் முயலும் எலியும் அருகிப்போக, கொயோட்டி என்னும் சிற்றோநாய்கள் ஆமைகளைத் தின்னத் தொடங்கியிருந்தன. இடமாற்றம் நிறுத்தப்பட்டது.

குற்றம் முழுவதும் இடமாற்றத்தினுடையதே என்று நானும் உடனே முடிவு கட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன். இடம் மாறாமல் இருந்த ஆமைகளும் ஏறத்தாழ அதே அளவில் மடிந்தன என்று ஆராய்ச்சியாளர் பின்னர்க் கணக்கிட்டுக் காட்டினர்.

அப்படியானால், பிழைத்தவை புதிய நிலத்தில் ஒன்றிவிட்டனவா? இடம் மாறி நான்கு ஆண்டுகள் கழிந்தபின், அங்கே பிறந்த குஞ்சுகளின் தந்தையரை மரபணுச் சோதனையால் தேடினர். ஊர் மாறி வந்த பெண் ஆமைகள் குஞ்சு பொரித்திருந்தன. ஆனால் சோதிக்கப்பட்ட குஞ்சுகளுள் ஒன்றுக்கேனும் வந்தேறிய ஆண் ஆமை தந்தையாக இல்லை! உயிரோடு இருந்தும், அவை சந்ததிக் கணக்கில் சேரவில்லை.

இம்முடிவு 2017-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில், டுவென்டிநைன் பாம்ஸ் என்னுமிடத்துக் கடற்படைவீரர் பயிற்சித்தளத்திலிருந்து 1,000-க்கு மேற்பட்ட ஆமைகள் ஹெலிகாப்டர்களில் ஏற்றிச் செல்லப்பட்டன. ஓர் ஆமைக்குஞ்சு தானும் முட்டையிடும் பருவத்தை எட்டப் பதினைந்து ஆண்டுகள் போல ஆகும். அந்தப் பயணத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை.